காத்திருப்பை எங்கே வைப்பது? ஸயான் தேசியப் பூங்காவின் கால் நூற்றாண்டு

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருக்கும் ஸயான் தேசியப் பூங்கா ஏறத்தாழ 593 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. வருகிறவர்களில் பெரும்பாலோர் அதில் ஒரு சிறு பகுதியைத்தான் பார்க்கிறார்கள்: வெர்ஜின் ஆறு பாறையை அறுத்து உண்டாக்கிய ஒரு பள்ளத்தாக்கு. அதற்குள் போகும் சாலை ஒன்றே ஒன்று. நீளம் சுமார் 10 கிலோமீட்டர். கடைசியில் வழி முடிந்துவிடும். போன பாதையிலேயே திரும்பி வர வேண்டும். இருபுறமும் 600 மீட்டர் வரை எழும் மணற்கல் சுவர்கள். சாலையை அகலப்படுத்தவும் இடமில்லை, பக்கத்தில் இன்னொன்று போடவும் வழியில்லை.

கூட்டம் நிரம்பி வழியும் பூங்காக்களைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நான் ஸயானை எடுத்துக்கொள்வதற்கு இந்த அமைப்பே காரணம். பல வாசல்களும் பல சாலைகளும் உள்ள இடத்தில் ஒரு முடிவின் விளைவு பத்துத் திசைகளில் சிதறிக் கண்ணுக்குத் தப்பிவிடும். இங்கே எதுவும் தப்புவதில்லை. 2000ஆம் ஆண்டு தொடங்கி நிர்வாகம் பஸ் விட்டது, டிக்கெட் போட்டது, குலுக்கல் நடத்தியது. ஒவ்வொன்றும் ஓரிடத்து நெரிசலைத் தீர்த்தது. அதே நெரிசல் வேறோர் இடத்தில் தலைதூக்கியது. இந்தக் கால் நூற்றாண்டிலிருந்து நான் பெற்றுக்கொண்ட தெளிவு இது: எல்லோரும் விரும்பும் ஓர் இடத்தில் காத்திருப்பை ஒழிக்க முடியாது. மக்கள் எங்கேயாவது காத்திருக்கத்தான் போகிறார்கள். அது எங்கே, எப்படிப்பட்ட நிலையில் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் மட்டுமே நிர்வாகத்திடம் இருக்கிறது. நிர்வாகம் தீர்மானிக்காமல் விட்டால் நிலத்தின் அமைப்பே தீர்மானித்துவிடும், அதுவும் பெரும்பாலும் மிக ஆபத்தான இடத்தில்.

கார்கள் அடைத்த பள்ளத்தாக்கு

ஸயான் 1909இல் வேறொரு பெயரில் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டு, 1919இல் தேசியப் பூங்கா ஆனது. 1990களில் அதன் பள்ளத்தாக்கில் நானூறு சொச்சம் கார்களை நிறுத்தத்தான் இடம் இருந்தது. நெரிசலான நாட்களில் உள்ளே நுழைந்த வாகனங்கள் ஐயாயிரம் வரை. கணக்கைப் பார்த்தாலே நடந்தது புரிந்துவிடும். இடம் கிடைக்காதவர்கள் சாலையில் மேலும் கீழுமாகச் சுற்றிக்கொண்டே இருந்தார்கள். பொறுமை இழந்தவர்கள் சாலை ஓரத்துப் புல்லின்மீது ஏற்றி நிறுத்தினார்கள். ஒருவர் ஏற்றிய இடம் அடுத்தவருக்கு அனுமதிபோல் ஆனது. மண் இறுகியது, செடிகள் மடிந்தன, பறவைகளின் குரலை என்ஜின் சத்தம் மூடியது.

1995 ஏப்ரலில் இன்னொரு பலவீனமும் வெளிப்பட்டது. பள்ளத்தாக்கின் ஒரு சரிவு சரிந்து ஆற்றை அடைக்க, திசைமாறிய நீர் சாலையை அரித்துக்கொண்டு போய்விட்டது. உள்ளே விடுதியில் இருந்தவர்கள் வெளியே வர வழியின்றிச் சிக்கிக்கொண்டார்கள். ஒற்றைச் சாலையை நம்பியிருக்கும் இடத்தில் எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்பது வசதி பற்றிய கேள்வியாக மட்டும் நின்றுவிடாது. அவசரத்தில் அத்தனை பேரையும் வெளியே கொண்டுவர முடியுமா என்ற கேள்வியும் அதோடு சேர்ந்தே வருகிறது.

2000 மே மாதத்தில் ஷட்டில் பஸ், அதாவது ஒரே தடத்தில் திரும்பத் திரும்பப் போய்வரும் பஸ், ஓடத் தொடங்கியது. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பொதுவாகப் பஸ்ஸையே புகழ்வார்கள். அதைச் சூழ்ந்திருந்த முடிவுகளைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். முதலாவது, பஸ் ஓடும் பருவத்தில் தனியார் கார்களுக்குச் சாலை மூடப்பட்டது. உள்ளே விடுதியில் அறை எடுத்தவர்களுக்கு மட்டும் விலக்கு. ‘விரும்பினால் பஸ்ஸில் வாருங்கள்’ என்று வேண்டுகோள் விடுத்திருந்தால் திட்டம் முதல் கோடையிலேயே தோற்றிருக்கும். பஸ்ஸுக்கு மாறியவர் விட்டுச் சென்ற இடத்தை இன்னொரு கார் வந்து நிரப்பியிருக்கும். இரண்டாவது, பஸ்ஸில் ஏறக் கட்டணம் இல்லை. மூன்றாவது, பூங்கா வாசலை ஒட்டியிருக்கும் ஸ்பிரிங்டேல் என்ற சிற்றூருக்குள்ளும் ஒரு பஸ் தடம் ஓடியது. அதனால் கார்கள் ஊர் முழுவதும் பரவி நின்றன, வாசலில் ஒரு மாபெரும் நிறுத்துமிடம் கட்டும் தேவை குறைந்தது. ஊரும் பூங்காவும் ஒரே திட்டத்தில் கைகோத்த இந்த ஏற்பாடு, ஒவ்வோர் உள்ளாட்சியும் கவனிக்க வேண்டியது. பூங்காவின் நெரிசல் பூங்காவின் வேலியோடு நிற்பதில்லை.

அதே ஆண்டு திறந்த பார்வையாளர் மையமும் என் கண்ணில் ஒரு சிறந்த வேலை. காட்சிப் பலகைகளைக் கட்டடத்துக்கு வெளியே நிழலில் வைத்தார்கள். கட்டடம் சிறியதாயிற்று. ஈரப்படுத்திய காற்றைக் கீழே இறக்கும் குளிர்கோபுரங்கள் அதைக் குளிர்வித்தன. பஸ்ஸுக்காக நிற்பவர் வெயிலில் வாடாமல் படித்துக்கொண்டே நகரலாம். அருகிலேயே தண்ணீரும் கழிப்பறையும் உண்டு. ஒரு வரிசை தவிர்க்க முடியாதது என்றால் அது இருக்க வேண்டிய இடம் இதுதான்.

பலன் உடனே தெரிந்தது. பள்ளத்தாக்கில் அமைதி திரும்பியது. மிதிபட்ட சாலை ஓரங்கள் மீண்டும் துளிர்த்தன. ஆம்புலன்ஸ் தடையின்றிப் போக முடிந்தது. மிதிவண்டிக்காரர்களுக்குச் சாலை திறந்தது. பின்னால் பஸ் வந்தால் அவர்கள் ஓரமாக நிறுத்தி வழிவிட வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

யாரும் கவனிக்காத ஓர் எல்லை

நானூறு சொச்சம் நிறுத்துமிடங்கள் பெரிய தொல்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவை ஓர் எல்லையாகவும் இருந்தன என்பதை நினைத்துப் பார்த்தவர்கள் குறைவு. இடம் கிடைக்காமல் சலித்துத் திரும்பிய ஒவ்வொரு காரும், மேலே பாதைகளில் நான்கு பேரைக் குறைத்துக்கொண்டிருந்தது. முறையற்ற, எரிச்சலூட்டும் எல்லைதான். ஆனாலும் எல்லை. பஸ் அந்த எல்லையை எடுத்துவிட்டது. அதன் இடத்தில் வேறோர் எல்லையை யாரும் வைக்கவில்லை.

முதல் பத்து ஆண்டுகள் இது வெளியே தெரியவில்லை. வருகை மெதுவாகத்தான் ஏறியது: 2000இல் 24 லட்சம், 2010இல் சுமார் 27 லட்சம். பிறகு வேகம் பிடித்தது. 2013இல் யூட்டா மாநிலச் சுற்றுலாத் துறை தன் ஐந்து தேசியப் பூங்காக்களையும் ஒன்றாகச் சேர்த்துப் பெரிய விளம்பரம் செய்தது. 2016இல் தேசியப் பூங்காச் சேவையின் நூற்றாண்டு வந்தது. அதையொட்டி நாடு முழுவதும் மக்களைப் பூங்காக்களுக்கு அழைக்கும் பிரசாரம் நடந்தது. கைப்பேசியில் எடுத்த படங்கள் மற்ற வேலையைப் பார்த்துக்கொண்டன. 2014இல் சுமார் 32 லட்சமாக இருந்த வருகை 2016இல் 43 லட்சமாகவும் 2017இல் 45 லட்சமாகவும் உயர்ந்தது. 2021இல் 50 லட்சத்தைத் தாண்டியது.

அழைத்தவர்கள் ஒரு துறை, தாங்கியவர்கள் இன்னொரு துறை. விளம்பரத்துக்குப் பணம் ஒதுக்கியபோதே கழிப்பறைக்கும் காவலருக்கும் பாதைப் பராமரிப்புக்கும் அதே விகிதத்தில் பணம் ஒதுக்கியிருக்க வேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

பஸ் நிறுத்தத்தில் வரிசை நீண்டபோது வந்த முதல் எண்ணம் இயல்பானது: பஸ்களை அடிக்கடி விடுவோம். நல்லெண்ணத்தில் எழும் இந்த எண்ணத்தின் விளைவைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். அப்போதைய பஸ் ஒன்றில் 68 பேர் வரை ஏற முடிந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு பஸ் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு எண்ணூறு பேருக்கு மேல் உள்ளே இறங்குவார்கள். இறங்குவதும் சீராக இருக்காது. குரோட்டோ என்ற ஆறாவது நிறுத்தத்தில் கதவு திறந்தவுடன் ஒரு பெரிய கூட்டம் ஒரே நேரத்தில் ஆற்றுப் பாலத்தை நோக்கி நடக்கும். பாலத்தில் பத்து நிமிடம் நின்று பார்ப்பவருக்கு முதலில் நெரிசல், பிறகு வெறுமை, மறுபடி நெரிசல். காரில் வந்த காலத்தில் ஆட்கள் சொட்டுச் சொட்டாக வந்து சேர்ந்தார்கள். பஸ் அவர்களை அலை அலையாகக் கொண்டுவந்து சேர்த்தது.

ஒரு பஸ்ஸுக்கும் அடுத்த பஸ்ஸுக்கும் இடையிலான நேரம் பள்ளத்தாக்கின் மதகு. அதை எவ்வளவு திறக்கிறோமோ அவ்வளவு பேர் மேலே போய்ச் சேருவார்கள். நிர்வாகத்தின் கையில் இவ்வளவு துல்லியமான கட்டுப்பாடு கிடைத்திருந்தும், பயணிகளின் காத்திருப்பைக் குறைக்கும் வசதியாகவே அது பெரும்பாலும் கருதப்பட்டது. நிழலில் அரை மணி நேரம் நிற்பது எல்லோருக்கும் எரிச்சல்தான். அந்த அரை மணியைக் கீழே மிச்சப்படுத்தியபோது அது காணாமல் போகவில்லை. மலைமேல் ஏறிவிட்டது.

முகட்டில் வரிசை

ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்பது பள்ளத்தாக்கின் நடுவே துருத்தி நிற்கும் ஒரு பாறை முகடு. குரோட்டோ நிறுத்தத்திலிருந்து போய்வரச் சுமார் 8.7 கிலோமீட்டர். 450 மீட்டருக்குச் சற்று அதிகமான ஏற்றம். வால்டர்ஸ் விகிள்ஸ் எனப்படும் 21 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் ஸ்கௌட் லுக்கவுட் என்ற திறந்த மேடு வரும். 1926இல் வெட்டிய பாதை இது. அதுவரை பாதை செங்குத்தாக இருந்தாலும் அகலமானது. கடைசி 800 மீட்டர்தான் வேறு உலகம்.

அங்கே பாதை என்று தனியாக எதுவும் இல்லை. முகட்டின் முதுகுதான் பாதை. சில இடங்களில் அகலம் இரண்டு மீட்டரும் தேறாது. இருபக்கமும் சுமார் 300 மீட்டர் பள்ளம். பாறையில் இரும்புக் கம்பங்களை நட்டுச் சங்கிலி கட்டியிருக்கிறார்கள். பல இடங்களில் சங்கிலி ஒன்றுதான். ஏறுகிறவரும் இறங்குகிறவரும் அதையே பிடிக்க வேண்டும். இருவர் எதிர்ப்பட்டால் ஒருவர் கையை விட்டு மற்றவரைச் சுற்றி வர வேண்டும், அல்லது ஒருவர் அகலமான ஓர் இடத்துக்குப் பின்வாங்க வேண்டும். ஆள் குறைவாக இருந்தால் ‘நீங்கள் வாருங்கள், நான் நிற்கிறேன்’ என்ற ஒரு வார்த்தையில் இது தீர்ந்துவிடும். பின்னால் முப்பது பேர் நெருக்கும்போது பின்வாங்கவும் இடமிருக்காது. முன்னே போகத் தயங்குகிறவரைப் பின்னால் இருப்பவரின் பொறுமையின்மை தள்ளும். பயந்துபோய் நடுவில் உட்கார்ந்துவிட்ட ஒருவர் இருபக்க ஓட்டத்தையும் நிறுத்திவிடுவார். காத்திருக்க முடியாதவர்கள் சங்கிலியை விட்டு வெளிப்பக்கமாகப் போய்த் தாண்டப் பார்ப்பார்கள்.

ஆண்டுகள் பலவற்றில் இந்தப் பாதையில் ஒரு டஜன் பேருக்கு மேல் விழுந்து இறந்திருக்கிறார்கள். அத்தனை சாவுகளுக்கும் கூட்டமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆளில்லாத நேரத்திலும் பாறை அதே பாறைதான். ஆனால் கூட்டம் ஒவ்வொருவருக்கும் இருக்க வேண்டிய ஒரு தேர்வைப் பறித்துவிடுகிறது: நின்று யோசித்துத் திரும்பிப் போகும் தேர்வு. ஆபத்தான பாதையில் மனிதனைக் காப்பாற்றுவது பெரும்பாலும் அதுதான்.

விடுமுறை நாட்களில் ஸ்கௌட் லுக்கவுட்டில் ரேஞ்சர்கள் எனப்படும் பூங்காக் காவலர்கள் நின்று ஆட்களைத் தொகுதி தொகுதியாக அனுப்பத் தொடங்கினார்கள். முகட்டில் நெரிசல் குறைந்தது. மேட்டில் மணிக்கணக்கில் வரிசை உருவானது. 1990களில் கார் கண்ணாடிக்குள் இருந்த அதே காத்திருப்பு, இப்போது வெயிலில், கையில் இருந்த தண்ணீர் தீர்ந்துகொண்டிருக்கும் நிலையில், மலைமேல் நின்றது.

இந்த நேரத்தில் இயற்கையும் இடத்தைச் சுருக்கியது. 2018 ஜூலையில் பெய்த கடும் மழை சில பாதைகளைச் சேதப்படுத்தியது. 2019 ஆகஸ்ட் 24 அன்று கேபிள் மலையிலிருந்து ஒரு பெரும் பாறை சரிந்து, வீப்பிங் ராக் பகுதியும் பள்ளத்தாக்கிலிருந்து அப்சர்வேஷன் பாயின்ட் ஏறும் பாதையும் மூடப்பட்டன. அங்கே போயிருக்க வேண்டியவர்கள் மீதமிருந்த பாதைகளில் சேர்ந்தார்கள். ஒரு பூங்காவின் தாங்கும் திறனை அதன் எல்லாப் பாதைகளும் திறந்திருக்கும் நாளை வைத்துக் கணக்கிடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

2020: யாரும் கேட்காத சோதனை

கொரோனா தொற்றால் 2020 ஏப்ரல் தொடக்கத்தில் பூங்கா மூடப்பட்டு, மே மாதத்தில் திறந்தது. ஷட்டில் ஓடவில்லை. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு கோடைப் பருவத்தில் பள்ளத்தாக்குச் சாலை மீண்டும் தனியார் கார்களுக்குத் திறந்தது. காலை ஏழு மணிக்கு முன்பே நிறுத்துமிடங்கள் நிரம்பிவிட்டன. வாசல் மூடியது. விடிவதற்கு முன்னால் வந்து காரில் காத்திருக்கக்கூடியவருக்கு மட்டுமே பள்ளத்தாக்கு என்றானது. பழைய எல்லை அப்படியே திரும்பி வந்திருந்தது, பழைய அநியாயத்தோடு.

ஜூலையில் பஸ் திரும்பியது, இம்முறை முன்பதிவு டிக்கெட்டோடு. பஸ்ஸில் இடைவெளி விட்டு உட்கார வேண்டியிருந்ததால் எடுத்த தற்காலிக முடிவு அது. ஆனால் உள்ளே போகிறவர்களின் எண்ணிக்கையை மணிவாரியாக வகுக்க முடியும் என்பதைச் செய்து காட்டிவிட்டது. அந்த டிக்கெட் முறை 2021இல் விலக்கப்பட்டது. அதே ஆண்டுதான் வருகை 50 லட்சத்தைத் தாண்டியது. தற்காலிகமாகக் கிடைத்த அந்தக் கருவியை நிதானமாக ஆராய்ந்து, அதில் எது வேலை செய்தது என்று பார்த்து, திருத்திய வடிவில் தொடர்ந்திருக்கலாம் என்பது என் கருத்து. நுழைவு முன்பதிவு பற்றிய யோசனையைப் பூங்கா 2017லேயே பொதுமக்கள் முன் வைத்திருந்தது. அதனால் எண்ணம் புதியதல்ல. துணிவதுதான் கடினம்: வாசலில் ஒருவரைத் திருப்பி அனுப்புவது கண்ணுக்குத் தெரியும், மேலே நெரிசலில் ஒருவரின் நாள் கெடுவது கண்ணுக்குத் தெரியாது.

குலுக்கலும் அதன் நியாயமும்

2022 ஏப்ரல் 1 முதல் ஸ்கௌட் லுக்கவுட்டுக்கு அப்பால் போக அனுமதிச்சீட்டு தேவைப்பட்டது. அதைக் குலுக்கலில் கொடுத்தார்கள். பருவத்துக்கு ஒரு குலுக்கல். போக நினைக்கும் நாளுக்கு முந்தைய நாளில் இன்னொன்று. விண்ணப்பிக்க 6 டாலர். ஒரு விண்ணப்பத்தில் ஆறு பேர் வரை சேரலாம். சீட்டு கிடைத்தால் ஆளுக்கு 3 டாலர். சீட்டில் காலை ஒன்பதுக்கு முன், ஒன்பதிலிருந்து நண்பகல் வரை, நண்பகலுக்குப் பின் என்று தொடங்கும் நேரமும் குறிக்கப்பட்டிருக்கும்.

இந்த நேரக் குறிப்பை நான் மிகவும் மதிக்கிறேன். நாளுக்கு இத்தனை பேர் என்று மட்டும் சொன்னால் அத்தனை பேரும் குளிர்ந்த காலையில் ஒன்றாக வந்துவிடுவார்கள். சங்கிலிக்கு ஒரு நாளின் மொத்தம் முக்கியமில்லை; ஒரே நேரத்தில் எத்தனை கைகள் அதைப் பிடித்திருக்கின்றன என்பதே முக்கியம்.

முகட்டில் வரிசை கலைந்தது. காத்திருப்பு வீட்டுக்கு, திரை முன்னால், போய்ச் சேர்ந்தது. பாதுகாப்பு என்ற அளவில் இதைவிட நல்ல இடம் கிடையாது. நியாயம் என்ற அளவில் கேள்விகள் உண்டு.

முதலில் வந்தவருக்கு முதலில் என்ற முறையில் முன்பதிவைத் திறந்தால், அந்த நிமிடத்தில் நல்ல இணைய இணைப்போடும் ஓய்வோடும் உட்கார்ந்திருப்பவர் ஜெயிப்பார். வேலை நேரத்தில் கைப்பேசியைத் தொட முடியாதவர் தோற்பார். குலுக்கல் அந்த வேகப் போட்டியை நீக்குகிறது. இதில் குலுக்கலின் பக்கம்தான் நான். ஆனால் மாதங்களுக்கு முன்பே விடுமுறையைத் திட்டமிட முடிந்தவருக்குப் பருவக் குலுக்கல் இன்னும் சாதகமே. முந்தைய நாள் குலுக்கல் இதற்கு ஓரளவு மருந்து: மதியம் மூன்று மணிக்குள் விண்ணப்பித்தால் நான்கு மணிக்கு முடிவு தெரிந்துவிடும், பக்கத்து ஊரில் இருப்பவரும் திடீரென்று புறப்பட்டவரும் முயன்று பார்க்கலாம். குலுக்கலில் தோற்றாலும் விண்ணப்பக் கட்டணம் திரும்பக் கிடைக்காது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தொகை சிறியதுதான். பொதுச்சொத்தைப் பார்க்க முயன்று தோற்றவரிடம் பணம் வாங்குவது, தொகை எதுவானாலும், மனத்தை உறுத்துகிறது. வெற்றி பெற்றவரிடம் சற்றுக் கூடுதலாக வாங்கி மற்றவரை விட்டுவிடலாம்.

பரப்பினால் தீருமா?

இந்தக் கட்டத்தில் ஒரு யோசனை தவறாமல் எழும்: பூங்காவில் எவ்வளவோ இடம் காலியாகக் கிடக்கிறது, கூட்டத்தைப் பரப்பிவிட்டால் என்ன? கேட்க நியாயமாக இருக்கும். மண்ணும் செடியும் அதற்கு உடன்படுவதில்லை. வந்துபோகிறவர்களால் இயற்கைக்கு நேரும் பாதிப்பை ஆராயும் பொழுதுபோக்குச் சூழலியலில் பல ஆண்டுகளாக உறுதிப்பட்ட ஓர் உண்மை இருக்கிறது. யாரும் நடக்காத புல்லில் முதலில் நடக்கும் சிலரே மிக அதிகமான சேதத்தை உண்டாக்குகிறார்கள். தடம் விழுந்த பிறகு அதே தடத்தில் நூறு பேர் கூடுதலாக நடந்தாலும் சேதம் அதே விகிதத்தில் ஏறாது. எனவே ஓரிடத்து நெரிசலைப் பாதியாக்கி இரண்டு இடங்களுக்குப் பிரித்தால், பழைய இடம் பாதி தேறிவிடாது. புதிய இடம் ஏறக்குறைய முழுதாகக் கெடும். கெட்டிப்படுத்திய பாதை, கல் பாவிய ஓரம், தெளிவான வேலி, போதுமான கழிப்பறை ஆகியவற்றோடு கூட்டத்தை ஒரே இடத்தில் வைத்திருப்பதே மண்ணுக்கு நல்லது. ஏற்கெனவே ஆட்கள் பழகிய, உறுதியான பாதைகளுக்கிடையே நேரத்தைப் பிரிக்கலாம். புதிய இடங்களைத் திறந்து பரப்புவதைக் கடைசி வழியாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

நெரிசல் இடம் மாறும் என்பதற்கு கலிஃபோர்னியா மாநிலத்து யோசெமிட்டி பூங்காவின் ஹாஃப் டோம் பாறை இன்னொரு சான்று. அதன் கடைசி ஏற்றத்தில் 1919 முதல் இரும்பு வடங்கள் இருக்கின்றன. 2010இல் வெள்ளி முதல் ஞாயிறு வரைக்கும் விடுமுறை நாட்களுக்கும் மட்டும் அனுமதிச்சீட்டு கட்டாயமானது. கூட்டம் சீட்டு தேவைப்படாத வார நாட்களுக்கு நகர்ந்தது. அடுத்த ஆண்டே எல்லா நாட்களுக்கும் விரிவாக்க வேண்டியதாயிற்று. இப்போது அங்கே நாளுக்கு 300 பேர் என்பது வரம்பு. பாதிக் கதவை மூடினால் கூட்டம் மறுபாதிக்கு வரும் என்பதை முன்கூட்டியே எதிர்பார்த்துத் திட்டமிட்டால் ஓர் ஆண்டை மிச்சப்படுத்தலாம்.

எண் எங்கிருந்து வருகிறது

‘எத்தனை பேரை விடலாம்?’ என்று கேட்டால் எந்த அறிவியலாளரும் நேரடி விடை தர முடியாது. 1978இல் அமெரிக்கச் சட்டம் ஒவ்வொரு தேசியப் பூங்காவும் தன் பார்வையாளர் கொள்ளளவைக் குறிக்க வேண்டும் என்றது. 1985இல் அமெரிக்க வனச் சேவையின் ஆய்வாளர்கள் கேள்வியையே மாற்றினார்கள்: எந்த அளவு மாற்றம் வரை ஏற்றுக்கொள்ளலாம் என்று முதலில் முடிவு செய்யுங்கள், எண் அதிலிருந்து வரும்.

இதை நடைமுறையில் காட்டியது, ஸயான் இருக்கும் அதே மாநிலத்தின் ஆர்ச்சஸ் பூங்கா. 1990களில் அங்கே டெலிகேட் ஆர்ச் என்ற கல் வளைவின் முன் வெவ்வேறு எண்ணிக்கையில் ஆட்கள் நிற்பதுபோலப் படங்களைத் தயாரித்துப் பார்வையாளர்களிடம் காட்டினார்கள். எந்தப் படம் வரை சகிக்கலாம், எதைத் தாண்டினால் வந்ததன் பயன் போய்விடுகிறது என்று கேட்டார்கள். அதிலிருந்து ஒரே நேரத்தில் 30 பேர் என்ற அளவு பிறந்தது. எவ்வளவு நேரம் அதை மீறலாம் என்பதற்கும் வரம்பு வைத்தார்கள். பிறகு அந்த எண்ணிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, பாதை தொடங்கும் இடத்தில் எத்தனை கார்களுக்கு இடம் தேவை என்று பார்த்தார்கள். நிறுத்துமிடத்தின் அளவு வளைவின் அடியில் முடிவானது. பெரும்பாலான பூங்காக்களில் இது தலைகீழாக நடக்கிறது: இருக்கும் இடத்துக்கெல்லாம் நிறுத்துமிடம் கட்டிவிட்டு, பிறகு மேலே ஏன் நெரிசல் என்று கேட்கிறார்கள்.

அந்த நல்ல தொடக்கத்துக்குப் பிறகும் ஆர்ச்சஸ் தப்பவில்லை. 2021இல் இடம் நிரம்பியதால் அதன் வாசல் நூறு தடவைக்கு மேல் தற்காலிகமாக மூடப்பட்டது. 2022இல் நேரம் குறித்த நுழைவைச் சோதனையாகக் கொண்டுவந்தார்கள். எண்ணைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. ஆண்டுதோறும் நேரில் நின்று எண்ணி, மீறினால் என்ன செய்வோம் என்று முன்பே எழுதி வைத்து, அதன்படி நடப்பதுதான் மீதி.

இதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. ஒரு சிறு பூங்கா நிர்வாகி நாளையே தொடங்கலாம். பூங்காவின் மிகக் குறுகிய இடம் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். பாலமோ படிக்கட்டோ கழிப்பறை வாசலோ, எதுவாகவும் இருக்கலாம். ஒரு வார இறுதியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எழுத வேண்டும், ஒரே கோணத்தில் படம் எடுக்க வேண்டும். அந்தத் தாள் ஒன்று, வாசலில் விற்ற மொத்த டிக்கெட்டுகளின் கணக்கைவிட அதிகம் சொல்லும்.

ஆற்றுக்கு எண் இருக்கிறது

2024இல் ஸயானின் ஷட்டில் பஸ்கள் எல்லாம் மின்சார பஸ்களாக மாறின. சத்தம் இன்னும் குறைந்தது. அதே ஆண்டு வருகை 49 லட்சத்தைத் தாண்டியது. பஸ் அமைதியாக ஓடினாலும் கொண்டுவரும் ஆட்களின் எண்ணிக்கை அதேதான்.

இன்று என் கவனம் சாலையின் கடைசி நிறுத்தத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஆற்றோரமாக ஒரு மைலுக்குச் சற்று அதிகமாகத் தளமிட்ட பாதை. அது முடியும் இடத்தில் நாரோஸ் தொடங்குகிறது. சில இடங்களில் பத்து மீட்டரும் அகலமில்லாத பாறை இடுக்கில் ஆற்றுக்குள்ளேயே நடக்கும் வழி அது. மேலிருந்து கீழே முழுவதையும் நடக்க அனுமதிச்சீட்டு வேண்டும். கீழிருந்து ஏற ஒன்றும் வேண்டாம். பஸ்ஸில் வருகிறவர்கள் ஏறுவது கீழிருந்துதான். ஏஞ்சல்ஸ் லேண்டிங்கில் சீட்டு கிடைக்காதவர் அன்றைய நாளை எங்கே கழிப்பார் என்று யோசித்தால், இந்த ஆறு முதல் விடைகளில் ஒன்றாக வரும்.

வெள்ள விஷயத்தில் இங்கே நிர்வாகம் முன்மாதிரி. ஆற்றில் வினாடிக்கு 150 கன அடிக்கு மேல் தண்ணீர் வந்தால் நாரோஸ் மூடப்படும். திடீர் வெள்ள எச்சரிக்கை வந்தாலும் மூடப்படும். எண் முன்பே அறிவிக்கப்பட்டது, எல்லோருக்கும் தெரியும், வாசலில் நிற்கும் ரேஞ்சர் யாரிடமும் வாதாட வேண்டியதில்லை. தொலைவிலிருந்து வந்தவருக்கும் அதில் கோபம் வருவதில்லை. ஆற்றுக்குள் ஒரே நேரத்தில் எத்தனை பேர் இருக்கலாம் என்பதற்கு மட்டும் அப்படி ஓர் எண் இல்லை. திடீரென்று நீர் ஏறினால் ஒதுங்க இருக்கும் மேட்டுத் திட்டுகளோ சில. அவற்றில் எத்தனை பேர் நிற்க முடியும் என்பதை இப்போதே அளந்து, அந்த எண்ணிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, கடைசி நிறுத்தத்துக்குப் போகும் பஸ்களின் இடைவெளியை வகுக்கலாம். பஸ் இருக்கிறது, கணக்குப் போடும் முறை இருக்கிறது, பார்வையாளர் மையத்தில் நிழலும் தண்ணீரும் இருக்கின்றன.